ஆந்த்ரசீன் தயாரிப்பில் பிழை: அறிகுறி ஓரிடம், காரணம் வேறிடம்

சென்னைக் கல்லூரி ஆய்வகங்களில் ஆந்த்ரசீன் தயாரிக்கும் முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீனுக்கு இரண்டு கார்பன் வளையங்கள். ஆந்த்ரசீனுக்கு மூன்று, ஒரே வரிசையில் ஒட்டியவை. 14 கார்பன், 10 ஹைட்ரஜன், மூலக்கூறு எடை 178. பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் லோரானும் 1832இல் நிலக்கரித் தாரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். தூய ஆந்த்ரசீன் நிறமற்றது. 216 முதல் 218 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். இவற்றில் ஏதேனும் ஒன்று சரியாக வராவிட்டால் கையில் இருக்கும் கடைசிக் குடுவையைக் குறை சொல்வதும், பொருளைத் திரும்பத் திரும்ப மறுபடிகமாக்குவதும் (சூடாகக் கரைத்து, ஆறவிட்டு மீண்டும் படிகமாக்குவது) வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான நேரங்களில் தவறு அதற்கு முந்தைய கட்டத்திலோ, அதற்கும் முந்தைய கட்டத்திலோ நடந்திருக்கும். ஒவ்வொரு இடைப்பொருளுக்கும் உருகுநிலை பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள். கீழே இருப்பதில் பாதி, அந்தப் பழக்கம் இருந்தால் தேவைப்படாது.

பாதை இதுதான். தாலிக் அன்ஹைட்ரைடும் பென்சீனும் அலுமினியம் குளோரைடு முன்னிலையில் சேர்ந்து 2-பென்சாயில்பென்சாயிக் அமிலத்தைத் தரும். அடர் கந்தக அமிலம் அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை நீக்கி வளையத்தை மூடி ஆந்த்ரகுயினோனாக்கும். துத்தநாகத் தூளும் அம்மோனியாவும் ஆந்த்ரகுயினோனை ஒடுக்கும். முடிவில் அமிலத்தோடு சூடாக்கினால் ஆந்த்ரசீன். எடைக் கணக்கில் 148 கிராம் அன்ஹைட்ரைடு 226 கிராம் அமிலமாகவும், 208 கிராம் ஆந்த்ரகுயினோனாகவும், 178 கிராம் ஆந்த்ரசீனாகவும் மாற வேண்டும். இது கொள்கையளவில். ஆய்வக அளவில் இதில் நூறில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலே போதும்.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். புகை உறிஞ்சும் பெட்டி வேலை செய்யாத ஆய்வகத்தில் முதல் கட்டத்தைத் தொடவே கூடாது. அத்தகைய இடத்தில் ஆந்த்ரகுயினோனை விலைக்கு வாங்கி, மூன்றாம் கட்டத்தை மட்டும் செய்வதே சரி. அதனால் கற்பதில் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

அலுமினியம் குளோரைடு சேர்த்தும் வாயு வரவில்லை

வினை நடந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு தொடர்ந்து வெளியேறும். கலவை நிறம் மாறிக் கெட்டியாகும். குடுவை அமைதியாக இருந்தால் முதலில் அலுமினியம் குளோரைடு பாட்டிலைப் பாருங்கள். நல்லது திறந்தவுடன் புகையும், பொடி தளர்வாக உதிரும். வெள்ளைக் கட்டிகளாக இறுகி, திறந்தால் புகையே இல்லை என்றால் அது ஏற்கெனவே காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து முடித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோடையிலும் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துகொண்டேதான் இருக்கிறது. பத்துப் பேர் மாறி மாறி எடை போடும் பெரிய பாட்டில் பருவம் முடிவதற்குள் பாழாகிவிடும். பாரிமுனைக் கடைகளில் வாங்கும்போதே சிறிய பாட்டில்களாகக் கேளுங்கள். பழைய பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் சேர்ந்திருக்கும். முகத்தைத் தள்ளி வைத்து, பெட்டிக்குள் மெதுவாகத் திறக்க வேண்டும்.

கொஞ்சம் கெட்டுப்போன அலுமினியம் குளோரைடுதான் முழுதும் கெட்டதைவிடத் தொல்லை தருவது. வினை நடப்பது போலவே தெரியும், விளைச்சல் மட்டும் பாதியாகும். இந்த முதல் கட்டம் ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் அசைலேற்றம் என்ற வகை வினை. சாதாரணமாக அதற்கு அலுமினியம் குளோரைடு ஒரு மோலுக்குச் சற்று மேல் போதும். இங்கே ஒரு மோல் அன்ஹைட்ரைடுக்குக் குறைந்தது இரண்டு மோல் வேண்டும். உருவாகும் கீட்டோன் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; கார்பாக்சிலிக் முனை உப்பாகி இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். எடைத் தட்டில் இரண்டு மோல் போட்டிருந்தாலும் அதில் ஒரு பகுதி ஈரத்தால் செத்துப்போயிருந்தால், குடுவைக்குள் இருப்பது ஒன்றரை மோல்தான். அந்தக் குறை அப்போது கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டும்போது, ‘ஏன் இவ்வளவு குறைவு?’ என்ற கேள்வியாக வந்து நிற்கும்.

அலுமினியம் குளோரைடு நன்றாக இருந்தால் அடுத்து பென்சீன். அதை வாலைவடிக்கும்போது முதலில் 69 டிகிரிக்கு அருகே வரும் கலங்கலான பகுதியில் நீர் இருக்கும். அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, 80 டிகிரியில் தெளிவாக வருவதை மட்டும் பயன்படுத்துங்கள். அன்ஹைட்ரைடையும் சோதிக்க வேண்டும். நல்லது 131 டிகிரியில் உருகும். ஈரம் குடித்துத் தாலிக் அமிலமாக மாறிய பகுதி குளோரோஃபார்மில் கரையாமல் அடியில் தங்கிவிடும். அப்படித் தங்கினால் அன்ஹைட்ரைடைப் பதங்கமாக்கி, வரும் வெள்ளை ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் வரும் வேறொரு சிக்கலும் உண்டு. மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுவதும் காய்ந்த தண்ணீர் குளிர்விப்பானுக்குள் ஓடினால் பென்சீன் ஆவி முழுவதும் திரும்பி விழாது. குழாய் நீரை நம்பாமல், ஐஸ் போட்ட வாளியில் சிறு பம்ப் வைத்து அதே நீரைச் சுழலவிடுங்கள். தண்ணீரும் மிச்சமாகும்.

கார்பனேட் கரைசல் கலங்கலாக இருக்கிறது

பனிக்கட்டியிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கொட்டி, மிஞ்சிய பென்சீனை நீராவியால் வெளியேற்றிய பிறகு, பொருளைச் சோடியம் கார்பனேட்டில் கரைக்கிறோம். இங்கே தெரியும் கலங்கலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வழுவழுப்பான வெள்ளைக் கூழாக இருந்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு, வடிகட்டினால் போகும். பிசுபிசுப்பாகக் கண்ணாடியில் ஒட்டினால் டைஃபினைல்தாலைடு போன்ற நடுநிலைப் பக்கவிளைபொருள். அதையும் வடிதாளிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. ஆழ்துளைக் கிணற்று நீரிலோ லாரித் தண்ணீரிலோ சோடியம் கார்பனேட்டைக் கரைத்தால், பொருளைச் சேர்ப்பதற்கு முன்பே கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிக் கலங்கலாகத் தெரியும். வாலைவடித்த நீரில் கரைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

அமிலம் எண்ணெயாகப் பிரிகிறது. உருகுநிலை 94 என்று வருகிறது

பலரைக் கலங்கவைக்கும் அறிகுறி இது. இதில் பெரும்பாலும் பிழையே இல்லை. அமிலமாக்கும்போது 2-பென்சாயில்பென்சாயிக் அமிலம் முதலில் எண்ணெயாக வருவது இயல்பு. ஐஸில் வைத்துக் கண்ணாடிக் குச்சியால் சுவரை உரசினால் சற்று நேரத்தில் கெட்டியாகும். 35 டிகிரி வெப்பமுள்ள அறையில், மேசை மேல் வைத்துக்கொண்டு கெட்டியாகவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை.

இப்படி வரும் படிகம் ஒரு நீர் மூலக்கூறைத் தன்னோடு வைத்திருக்கும். அந்த நீரேறிய வடிவம் 94 டிகிரியை ஒட்டி உருகும். நீரற்ற அமிலம் 127 முதல் 129 வரை. ஆகவே 94 என்ற எண்ணைப் பார்த்து மாசு என்று முடிவுகட்டி மறுபடிகமாக்கத் தொடங்காதீர்கள். சிறிதளவை எடுத்து 100 டிகிரிக்குச் சற்று மேல் உலர்த்தி மீண்டும் பாருங்கள். 127க்கு ஏறிவிட்டால் பொருள் நல்லது. ஏறாமல் பரந்த வரம்பில் உருகினால் தாலிக் அமிலம் கலந்திருக்கிறது. அதாவது அன்ஹைட்ரைடு ஈரமாக இருந்திருக்கிறது. கொதிநீரில் தாலிக் அமிலம் நன்றாகக் கரைவதால், கொதிநீரால் கழுவி அதை நீக்கலாம்.

உலர்த்தியதை உடனே டெசிகேட்டரில் (ஈரம் புகாத உலர்த்தும் கலனில்) வையுங்கள். திறந்த தட்டில் இரவு முழுவதும் விட்டுவைத்த அமிலத்தை எடுத்துக்கொண்டுதான் பலர் அடுத்த கட்டத்தில் சிக்குகிறார்கள்.

கந்தக அமிலத்தில் சூடாக்கி ஐஸில் ஊற்றினால் மஞ்சளுக்குப் பதில் வெள்ளை

வளையம் மூடவில்லை. உறுதிசெய்ய, வீழ்படிவில் கொஞ்சத்தைச் சோடியம் கார்பனேட்டில் குலுக்குங்கள். ஆந்த்ரகுயினோன் கரையாது, வினைபுரியாத அமிலம் கரையும். வடிகட்டி வந்த வடிநீரை அமிலமாக்கினால் அது மீண்டும் வெள்ளையாக விழும். அப்படி விழுந்ததை உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

இங்கும் காரணம் ஈரம்தான். இந்த வினையில் நீரே ஒரு விளைபொருள். அதை உறிஞ்சிக்கொள்ளவே அடர் அமிலம். நீரேறிய பென்சாயில்பென்சாயிக் அமிலத்தைப் போட்டாலோ, மூடி தளர்ந்து ஈரம் குடித்த கந்தக அமிலத்தை ஊற்றினாலோ, அந்த உறிஞ்சும் திறன் வினை தொடங்கும் முன்பே செலவாகிவிடும். அதற்காக வெப்பத்தைக் கூட்டிச் சரிக்கட்ட முயலாதீர்கள். வெப்பம் மிகுந்தால் சல்ஃபோனேற்றம், அதாவது வளையத்தில் சல்ஃபோனிக் தொகுதி ஏறுவது, நடக்கும். அந்தப் பொருள் நீரில் கரைவதால் வடிநீரோடு சாக்கடைக்குப் போய்விடும். வடிநீர் நிறமாகவும் வடிதாளில் பொருள் குறைவாகவும் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. போனதை மீட்க முடியாது. உலர்ந்த அமிலம், புதிய 98 சதவீதக் கந்தக அமிலம், கொதிநீர்த் தொட்டியின் வெப்பம், பொறுமை ஆகியவையே போதும்.

வீழ்படிவு மாவாக வந்து வடிதாளை அடைத்தால், கலவையைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிடுங்கள். துகள்கள் பருத்து எளிதாக வடியும். நல்ல ஆந்த்ரகுயினோன் வெளிர்மஞ்சள் ஊசிகள், உருகுநிலை 286 டிகிரிக்கு அருகே. அவ்வளவு உயரத்துக்குத் திரவப் பாரஃபின் குளியலைக் கொண்டுபோகக் கூடாது. மின்சார உருகுநிலைக் கருவி இல்லாத இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: துளியளவு பொருளோடு துத்தநாகத் தூளும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் சேர்த்துச் சூடாக்கினால் இரத்தச் சிவப்பு வரும், காற்றில் குலுக்கினால் மறையும். ஆந்த்ரகுயினோனுக்கு இதைவிட எளிய சாட்சி இல்லை.

துத்தநாகம் சேர்த்தும் சிவப்பே வரவில்லை

அந்தச் சிவப்புதான் மூன்றாம் கட்டம் முழுவதற்கும் வழிகாட்டி. ஆந்த்ரகுயினோன் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றுக் காரத்தில் கரையும் ஆந்த்ரஹைட்ரோகுயினோன் உப்பாக மாறுகிறது என்பதற்கு அடையாளம் அது. வராவிட்டால், முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். ஆந்த்ரகுயினோன் நீரில் நனையாது. மஞ்சள் படலமாக மிதந்துகொண்டிருக்கும். நன்றாக அரைத்து, சில துளி ஆல்கஹாலில் நனைத்துப் போட்டால் அமிழும். அடுத்தது துத்தநாகம். சாம்பல் நிறத்துக்குப் பதில் வெளுத்துக் கட்டியாக இருந்தால் அதன் மேல் ஆக்சைடும் கார்பனேட்டும் படிந்திருக்கும். மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சட்டென்று அலசி, நீரில் கழுவி, உடனே பயன்படுத்துங்கள். சிறிதளவு காப்பர் சல்ஃபேட் சேர்த்தால் துத்தநாகத்தின் மேல் செம்பு படிந்து வினை வேகமெடுக்கும்.

சிவப்பு வந்தது, போகவே மாட்டேன் என்கிறது

வினை முடிவை நெருங்கும்போது சிவப்பு மங்கி, வெளிர்மஞ்சளாகவோ நிறமற்றோ ஆக வேண்டும். மணிக்கணக்கில் சிவப்பு நின்றால் ஒன்று அம்மோனியா போய்விட்டது, அல்லது காற்று வந்துகொண்டிருக்கிறது. நம் வெயிலில் அடர் அம்மோனியா பாட்டிலைப் பாதி நாள் வெளியே வைத்தாலே வலு குறையும். சூடான குடுவையிலிருந்து இன்னும் வேகமாக வெளியேறும். குளிர்ந்த இடத்தில் வைத்திருந்த அம்மோனியாவைப் பகுதி பகுதியாகச் சேர்த்து, கூடவே கொஞ்சம் துத்தநாகமும் போடுங்கள்.

காற்றின் கதை சுவையானது. ஆந்த்ரஹைட்ரோகுயினோன் ஆக்சிஜனைப் பார்த்தவுடன் ஆந்த்ரகுயினோனாகத் திரும்பி, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும். உலகில் தொழிற்சாலைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு செய்வது பெரும்பாலும் இதே வினையால்தான். அங்கே எத்தில் தொகுதி ஏற்றிய ஆந்த்ரகுயினோன் சுழன்றுகொண்டே இருக்கும். நம் குடுவையில் அந்தச் சுழற்சி நடந்தால் துத்தநாகம் வீணாகத் தீருமே தவிர வினை முன்னே நகராது. ஆகவே குடுவை வாயைத் திறந்து வைத்துக் கலக்காதீர்கள். ஹைட்ரஜனும் வெளியேறுவதால் முற்றாக அடைக்கவும் கூடாது. குளிர்விப்பானின் மேல்முனையில் ஒரு குமிழிக் குழாய் வைத்தால் இரண்டுக்கும் தீர்வு.

வடிநீரில் ஒன்றுமே இல்லை

இருக்காது. ஆந்த்ரசீன் நீரில் கரைவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அது துத்தநாகச் சேற்றோடு வடிதாளில்தான் இருக்கிறது. அந்தத் திண்மத்தைச் சூடான டொலுயீனால் இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள். சேற்றைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நுண்ணிய துத்தநாகம் உலர்ந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்; நீரில் மூழ்கவைத்துத் தனிக் கலனில் சேர்த்து, கழிவை எடுத்துச் செல்பவரிடம் கொடுங்கள்.

பொருள் கிடைத்தது, ஆனால் மந்தமாக ஒளிர்கிறது, 200க்கு வெகு கீழே உருகத் தொடங்குகிறது

அமிலப் படியைத் தவறவிட்டிருக்கலாம். ஒடுக்கத்தில் ஒரு பகுதி டைஹைட்ரோஆந்த்ரனால் நிலையில் நின்றுவிடும். அதில் நடு வளையம் இன்னும் அரோமாட்டிக் (பென்சீன் போன்ற நிலைத்த வளையம்) ஆகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில், சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கினால் நீர் பிரிந்து ஆந்த்ரசீனாகும். ஒளிர்வு பெருகுவதை விளக்கின் கீழேயே பார்க்கலாம். ஒடுக்கம் அளவு மீறியிருந்தால் 9,10-டைஹைட்ரோஆந்த்ரசீன் கலந்திருக்கும். அது 108 டிகிரியை ஒட்டி உருகுவதால் கலவையின் உருகுநிலையைக் கீழே இழுக்கும். இதற்கு அமிலம் உதவாது. டொலுயீனில் மறுபடிகமாக்குங்கள், அது தாய்க்கரைசலில் (படிகம் பிரிந்த பின் எஞ்சும் கரைசலில்) தங்கிவிடும்.

மஞ்சள் நிறம் போகவில்லை

மஞ்சள் என்றால் ஆந்த்ரகுயினோன். நிறம் உறிஞ்சும் கரியும் மறுபடிகமாக்கலும் இதை அரைகுறையாகவே நீக்கும். பொருளை டொலுயீனில் கரைத்து, பிரிபுனலில் ஒடுக்கியான சோடியம் டைதயோனைட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த இளஞ்சூடான நீர்க்கரைசலோடு குலுக்குங்கள். ஆந்த்ரகுயினோன் அதே சிவப்பு உப்பாகி நீருக்குள் இறங்கும். ஆந்த்ரசீன் டொலுயீனிலேயே இருக்கும். நீர் அடுக்கில் சிவப்பு வராத வரைக்கும் இதைத் திரும்பச் செய்தால் போதும். தூய்மையாக்கலும் சோதனையும் ஒரே குலுக்கலில் முடிவதால் எனக்கு மிகவும் பிடித்த படி இது.

மறுபடிகமாக்க 40-60 பெட்ரோலியம் ஈதரை (40 முதல் 60 டிகிரிக்குள் கொதிப்பது) எடுக்காதீர்கள். மே மாதத்தில் அது வடிகட்டும் முன்பே மேசையிலிருந்து ஆவியாகிவிடும். டொலுயீன் நல்லது, இல்லையேல் 60-80 ஈதரில் கழுவலாம்.

பதங்கமாக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: குழாய் நீரில் இயங்கி வெற்றிடம் உண்டாக்கும் ஆஸ்பிரேட்டர், அந்த நீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே போகாது. 35 டிகிரி நீரில் அது 42 மில்லிமீட்டர் பாதரசம். நூலில் சொல்லும் வெற்றிடம் வராததற்குப் புனலையும் ரப்பரையும் குறை சொல்ல வேண்டாம்.

உருகுநிலை பார்க்கும்போது நுண்குழாயில் பொருளே காணோம்

ஆந்த்ரசீன் உருகும் முன்பே பதங்கமாகி மேலே ஏறிவிடும். நுண்குழாயின் இரு முனைகளையும் மூடுங்கள். திரவப் பாரஃபின் குளியல் 216 டிகிரியில் புகையத் தொடங்கும். சிலிக்கான் எண்ணெயோ மின்கருவியோ வேண்டும்.

ஒளிர்வே இல்லை, அல்லது பச்சையாக ஒளிர்கிறது

ஒளிர்வு இல்லையென்றால் முதலில் விளக்கைச் சோதியுங்கள். 365 நானோமீட்டர் விளக்கில் ஒரு ரூபாய் நோட்டைக் காட்டினால் அதன் வரிசை எண்கள் ஒளிர வேண்டும். விளக்கு நன்றாக இருந்தால் பொருளைப் பாருங்கள்.

பச்சை ஒளிர்வைப் பற்றி ஒரு தவறான முடிவு பரவலாக இருக்கிறது. ஒப்பிடுவதற்காகக் கடையில் வாங்கிய ஆந்த்ரசீன் பச்சை கலந்து ஒளிர்வதையும், தன்னுடையது நீலமாக ஒளிர்வதையும் பார்த்து, தன்னுடையதுதான் தவறு என்று மாணவர் நினைத்துவிடுகிறார். நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த ஆந்த்ரசீனில் நான்கு வளையங்கள் கொண்ட டெட்ராசீன் மிகச் சிறிதளவு ஒட்டியிருக்கும். ஆந்த்ரசீன் படிகம் உள்வாங்கும் ஆற்றல் டெட்ராசீனுக்குப் போய்ச் சேர்வதால், அந்தச் சிறிய அளவே மொத்த ஒளிர்வையும் பச்சையாக்கிவிடும். அதில் கார்பசோலும் ஃபினான்த்ரீனும்கூட இருக்கலாம். தாலிக் அன்ஹைட்ரைடிலிருந்து நீங்கள் கட்டியெழுப்பியதில் இவை வர வழியே இல்லை. நீலமாக ஒளிரும் உங்கள் பொருளை நம்புங்கள். சந்தேகம் தீர வேண்டுமானால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கும் சைஃப் (நுட்பப் பகுப்பாய்வுக் கருவிகள் உள்ள மையம்) போன்ற இடத்துக்கு என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) சோதனைக்கு அனுப்பலாம். டியூட்டரேற்றிய குளோரோஃபார்மில் புரோட்டான் குறிகைகள் மூன்று இடங்களில் மட்டும் வரும்: 8.4 பி.பி.எம். இடத்தில் இரண்டு ஹைட்ரஜனுக்கான ஒற்றைக் கோடு, 8.0இலும் 7.5க்குச் சற்றுக் கீழும் நான்கு நான்கு. கார்பன் குறிகைகள் நான்கு. அதற்கு மேல் ஏதாவது தெரிந்தால் அது கரைப்பானோ மாசோதான்.

நேற்று ஒளிர்ந்தது, இன்று ஒளிரவில்லை. பாட்டிலில் கரையாத வெள்ளைப் படிகம்

வெயிலில் வைத்திருக்கிறீர்கள். வடாம் காயவைப்பது போல வடிதாளோடு மாடியில் பரப்பினால் நம் ஊர் வெயிலில் எதுவும் நொடியில் உலரும் என்பது உண்மைதான், ஆனால் ஆந்த்ரசீனுக்கு அது ஆகாது. சூரிய ஒளியில் இரண்டு மூலக்கூறுகள் தங்கள் நடு வளையங்களால் ஒன்றோடொன்று பிணைந்து இருமமாகிவிடும். இருமத்தில் நடு வளையம் அரோமாட்டிக் அல்ல. நீல ஒளிர்வு போய்விடும், கரைதிறனும் வெகுவாகக் குறையும். 1860களிலேயே ஃபிரிட்ஷே என்ற வேதியியலாளர், ஆந்த்ரசீன் கரைசல் வெயிலில் படிகம் விடுவதைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். காற்றும் கூட இருந்தால் பெராக்சைடு வழியாக ஆந்த்ரகுயினோன் வரை போகும். விட்டொழித்த மஞ்சள் திரும்பி வரும். டி.எல்.சி. (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தகட்டில் நீலப் புள்ளியை நெடுநேரம் விளக்கின் கீழ் வைத்தால் மங்குவதும் இப்படித்தான். புள்ளியைப் பார்த்தவுடன் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள்.

சாதாரணக் கண்ணாடி 365 நானோமீட்டர் ஒளியைத் தடுக்காது. ஆகவே பழுப்புப் பாட்டில், அதைச் சுற்றி அலுமினியத் தாள், ஜன்னலுக்கு எதிர்ப்புற அலமாரி. வெள்ளைப் படிகம் சேர்ந்துவிட்டால் பொருள் போய்விட்டதாக நினைக்க வேண்டாம்: இருமத்தைச் சூடாக்கினால் பிரிந்து ஆந்த்ரசீனாகவே திரும்பும். மஞ்சளும் சேர்ந்திருந்தால் டைதயோனைட்டால் ஒருமுறை குலுக்குங்கள்.

வெயிலும் ஆந்த்ரசீனும் சேரும் இன்னோர் இடம் உங்கள் தோல். இதன் தூசு படிந்த தோல் வெயிலில் எரிந்து சிவக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் ஆந்த்ரசீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவுக்கு மாற்றியிருக்கிறது. அதற்கு முந்தைய நூல்கள் வகைப்படுத்த இயலாதது என்று 3ஆம் பிரிவிலேயே காட்டும். அந்த வரியை நம்பிக் கையுறையைத் தவிர்க்காதீர்கள். வேலை முடிந்ததும் முன்கைவரை சோப்பு போட்டுக் கழுவி, கையையும் மேசையையும் புறஊதா விளக்கில் ஒருமுறை பாருங்கள். நீலப் புள்ளி தெரிந்தால் மீண்டும் கழுவிய பிறகே மதிய வெயிலில் பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள்.